ஜூலை மாதத்து உதகை

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு சொல்: சீசன். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பதே மறந்துபோகும் அளவுக்கு இந்த மலையில் ஊறிப்போன சொல் அது. டாக்ஸி ஸ்டாண்டில் இருவர் சந்தித்துக்கொண்டால், சீசன் எப்படி? பேக்கரியில் வர்க்கி வாங்க நின்றால், சீசன் எப்படி? மற்ற ஊர்களில் சௌக்கியமா என்று கேட்கிற இடத்தில் இங்கே சீசனைக் கேட்கிறோம். ஏப்ரல் பாதியில் தொடங்கிப் பள்ளிக்கூடம் திறக்கும்வரை ஓடுகிற ஏழெட்டு வாரங்களை வைத்து ஐம்பத்திரண்டு வாரங்களுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இது சரிதானா? ஒரு வீடு எப்படி வாழ்கிறது என்பதைக் கல்யாணத்தன்று போய்ப் பார்ப்பீர்களா, பந்தல் பிரித்த மறுவாரம் போய்ப் பார்ப்பீர்களா? உதகையை மே மாதத்தில் அளந்தது போதும், ஜூலை மாதத்தில் அளந்து பாருங்கள். இதுதான் இன்றைக்கு என் வாதம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அதே அளவுகோல்தான்.

முதலில், இந்த ஊர் சீசனுக்காகவே பிறந்தது என்கிறார்களே, அதைப் பார்ப்போம். பாதி உண்மைதான். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் கல் பங்களா எழுந்தது, ஏரி வெட்டப்பட்டது. பிறகு சென்னை மாகாண அரசே கோடைக்கு இங்கே குடிபெயர்ந்தது. கவர்னருக்கு மாளிகை, குதிரைப் பந்தயம், 1896இல் முதல் மலர்க் கண்காட்சி. 1899இல் ரயில் குன்னூருக்கு ஏறியது, 1908இல் உதகைக்கு வந்தது. இன்னொரு ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் வந்து தங்குவதற்காகத் திட்டமிட்ட ஊர் என்பது மெய். ஆனால் மறுபாதியும் இருக்கிறதே! கல் பங்களாவுக்கு நெடுங்காலம் முன்பே இது படுகரின் நாக்குபெட்டா. தோடர் நெய் கொடுத்தார்கள், கோத்தர் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்து கொடுத்தார்கள், படுகர் தானியம் கொடுத்தார்கள், குறும்பர் காட்டுப் பொருள்களைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கையில் இல்லாததை இன்னொருவர் நிரப்பிய அந்த ஏற்பாட்டுக்குச் சீசன் கிடையாது. பன்னிரண்டு மாதமும் நடந்தது. ஆகவே, சீசன் இல்லாவிட்டால் இந்த மலையில் பிழைப்பே இல்லை என்று யாராவது சொன்னால், வரலாறு அதை ஒப்புக்கொள்ளாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாப் பயணிகளைக் குறை சொல்ல நான் இந்த மேடையில் நிற்கவில்லை. ஒரு காலத்தில் கவர்னரும் ஜமீன்தாரும் அனுபவித்த குளிரை இன்று திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி பிள்ளைகளை அழைத்துவந்து இரண்டு நாள் அனுபவிக்கிறார். வருஷம் முழுக்கத் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்த மனிதர் பூங்காப் புல்வெளியில் கால் நீட்டி உட்காருகிறார். இது மகிழ வேண்டிய மாற்றம். கேள்வி அவரைப் பற்றியது இல்லை. அவர் ஊருக்குத் திரும்பியபின் இங்கேயே இருக்கிறவர்களைப் பற்றியது.

சீசனை உண்டாக்குகிறவர்கள் யார்? மே மாதம் தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர் படிப்படியாக அடுக்கிய பல்லாயிரம் தொட்டிகளைப் பார்க்கிறார். ஒரே நாளில் பூத்ததுபோல் அத்தனையும் பூத்து நிற்கும். அந்த நாற்று எப்போது விதைத்தது? உறைபனிக் காலத்தில். விடியற்காலையில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும் நாள்களில், பூங்காத் தொழிலாளிகள் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டுவந்து நாற்றுகளுக்கும் அழகுச் செடிகளுக்கும் குடைபோல் கவிழ்த்து வைக்கிறார்கள். பனி அந்த மிலாரின் மேல் விழும், உள்ளே நாற்று பிழைக்கும். விரல் விறைக்கிறது, மூச்சு புகைகிறது, பார்க்க ஒரு பயணியும் இல்லை. மேயில் எடுக்கிற செல்ஃபிக்கு விதை அங்கே விழுகிறது. தேயிலையும் அப்படித்தான். பயணி வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற அந்தப் பச்சைச் சரிவு இயற்கை தானாக விரித்த பாய் இல்லை. பறித்தும் கவாத்து செய்தும், ஆண்டு முழுக்கக் கை பட்டுக்கொண்டே இருப்பதால்தான் அது அப்படி வெட்டிவைத்த மாதிரி இருக்கிறது. கை நின்றால் ஒவ்வொரு செடியும் மரமாக எழுந்துவிடும். சீசன் என்பது சீசன் இல்லாத மாதங்களின் விளைச்சல். என் வாதத்தின் முதல் அடி இது.

இனி சீசனில் நேரடியாக உழைக்கிறவர்களைப் பாருங்கள். லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவர், சமையல்காரர், டிரைவர், கைடு, குதிரைக்காரர், சோளம் சுடுகிற அம்மா, ஸ்வெட்டர் கடையில் நிற்கிற பையன். மே மாதத்தில் இவர்களுக்கு இரவும் கிடையாது பகலும் கிடையாது. காலையில் அறை காலியானதும் மெத்தை விரிப்பை உருவ வேண்டும், அடுத்த குடும்பம் லக்கேஜோடு வாசலில் நிற்கும், வெந்நீர் வரவில்லை என்று மூன்றாம் மாடியிலிருந்து குரல் வரும், குளிருக்கு இன்னொரு கம்பளி கேட்டு இரண்டாம் மாடியிலிருந்து குரல் வரும். எல்லா அறையும் நிறைந்த இரவில் அந்தத் தொழிலாளி எங்கே படுப்பார்? அறைகளில் இடம் இருக்காது. ஜூன் நடுவில் மழை இறங்குகிறது. அதே லாட்ஜில் பத்துப் பேர் இருந்த இடத்துக்கு மூன்று பேர் போதும். மற்ற ஏழு பேரும் நீக்கப்படுவதில்லை, ‘சீசனுக்கு வாப்பா’ என்று சொல்லி அனுப்பப்படுகிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வேலையிழந்தவர்களும் இல்லை. குதிரைக்குத் தீனி ஜூலையிலும் போட வேண்டும். டாக்ஸிக்குத் தவணை ஆகஸ்டிலும் கட்ட வேண்டும். மே மாதச் சம்பாத்தியத்தை ஜூலையில் தின்றுவிட்டு, ஆகஸ்டில் வாங்கிய கடனை அடுத்த மே மாதத்தில் அடைக்கிற வாழ்க்கை இது. செப்டம்பர், அக்டோபரில் வருகிற இரண்டாம் சீசன் வட்டிக்குத்தான் காணும்.

கடற்கரை ஊர்களிலும் இதே கதைதானே என்று கேட்பீர்கள். இல்லை, ஒரு வேறுபாடு இருக்கிறது. இலங்கையைப் பாருங்கள். தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சீசன். அங்கே மழை இறங்கும்போது கிழக்குக் கரையில் அறுகம் குடாவில் கடல் திறக்கிறது. ஒரு கரை மூடினால் மறு கரைக்குப் போய் உழைக்க வழி உண்டு. மலைக்கு மறுகரை கிடையாது. நம் குற்றாலத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு சாரல் சீசன், அருவி வற்றினாலும் பக்கத்திலேயே தென்காசி இருக்கிறது, வயல் இருக்கிறது. உதகையில் வேலை நின்றால் அடுத்த வேலைக்கு ஐம்பது கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். இறங்கிப் போனவர் திரும்பி வருவாரா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதில் சொல்லியிருக்கிறது. 2001இல் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. தமிழ்நாடு முழுவதும் மக்கள்தொகை ஏறிய பத்தாண்டில் இந்த மாவட்டத்தில் மட்டும் இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் குறைந்திருக்கிறார்கள்! அந்தப் பத்தாண்டில் சீசன் குறைந்ததா? இல்லையே. ரயிலுக்கு யுனெஸ்கோ பெருமை கிடைத்தது 2005இல், அதே பத்தாண்டின் நடுவில்தான். வருகிறவர்கள் பெருகிக்கொண்டிருந்தபோதே வாழ்கிறவர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். சீசன் நன்றாயிருந்தால் ஊர் நன்றாயிருக்கும் என்ற கணக்கு உண்மையானால் இப்படி நடந்திருக்க முடியுமா?

என்ன நடந்தது? பன்னிரண்டு மாதச் சம்பளம் தந்த இடங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. உதகையின் இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960இல் நிறுவிய பொதுத்துறை நிறுவனம். எக்ஸ்ரே ஃபிலிமும் சினிமாவுக்கான ஃபிலிமும் இந்த மலையில் உருவாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மே, ஜூலை என்று பார்க்காமல் ஒன்றாம் தேதியைப் பார்த்து வாழ்ந்தன. அந்தச் சம்பளம்தான் ஜூலை மாதத்தில் மளிகைக் கடையையும் துணிக்கடையையும் திறந்து வைத்திருந்தது. தொழில்நுட்பம் மாறியது, நிறுவனம் நலிந்தது, கடைசியில் மூடியே விட்டார்கள். குன்னூர்ப் பக்கம் நிலைமை சற்றுத் தேவலை. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை, 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், வெலிங்டனில் ராணுவம் என்று மழைக்காலத்திலும் பணம் புழங்குகிற இடங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. ஜூலை மாதத்தில் குன்னூர்க் கடைத்தெருவையும் உதகைக் கடைத்தெருவையும் அடுத்தடுத்த நாள் நடந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

தேயிலைக்கு வருவோம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. படுகர் ஊர்களில் சிறு விவசாயிகளுக்கென்று கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் வந்தன, இன்கோசர்வ் என்ற கூட்டமைப்பு அவற்றை இணைத்தது. இந்த இரண்டும் வருஷம் முழுக்கச் சோறு போட்ட ஏற்பாடுகள். ஆனால் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கிறதா? 2023 செப்டம்பரில் சிறு விவசாயிகள் கிலோவுக்கு 33.50 ரூபாய் குறைந்தபட்ச விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். பறிகூலியும் உரமும் போக மிஞ்சுவது என்ன என்று அவர்கள் கேட்ட கேள்வி வெறும் விவசாயக் கேள்வி இல்லை, அது சுற்றுலாக் கேள்வியும்கூட. இலைக்கு விலை இல்லாதபோது அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த நிலத்தில் ஒரு காட்டேஜ் கட்டலாம் என்ற எண்ணம் வரும், அல்லது கட்டப்போகிறவருக்கு விற்கலாம் என்ற எண்ணம் வரும். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? தோட்டம் காட்டேஜாக மாற மாறச் சீசனை நம்பிய வயிறுகள் கூடுகின்றன, வருஷத்தை நம்பியவை குறைகின்றன.

அதோடு வாடகை ஏறுகிறது. மலைப் பகுதியில் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது. மண்சரிவு பூமியில் இந்தக் கட்டுப்பாடு வேண்டியதுதான், தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு என்ன? வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு, பயணிக்கு விடுகிற ஆசைக்கு எல்லை இல்லை. ஒரு மாத வாடகையை மே மாதத்தின் சில இரவுகளில் எடுத்துவிடலாம் என்றால் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் வீடு எப்படிக் கிடைக்கும்? தண்ணீரையும் பாருங்கள். குன்னூருக்குத் தண்ணீர் தரும் ரேலியா அணை 1938இல் கட்டியது. கோடையில் அணை தாழ்கிற அதே வாரங்களில்தான் ஊர் நிரம்புகிறது. லாட்ஜுக்கு லாரித் தண்ணீர் வரும், ஏனென்றால் அதன் விலை அறை வாடகையில் சேர்ந்துவிடும். தோட்டத் தொழிலாளியின் லைன் வீட்டுக் குடத்துக்கு யார் விலை கொடுப்பார்?

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வியாபாரிகளிடமிருந்து வருகிறது, நியாயமான குரலில் வருகிறது. 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணையவழி அனுமதி கட்டாயமானது. சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்கு வருவதாக நீதிமன்றத்தில் பேசப்பட்டது. 2025 சீசனுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி கடைகள் அடைத்துப் போராட்டம் நடந்தது. கிடைக்கிறதே ஏழெட்டு வாரம், அதையும் பிடுங்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே என் வாதம் உட்கார்ந்திருக்கிறது. சில ஆயிரம் கார்கள் குறைந்தால் ஒரு மாவட்டமே அடுப்பு அணையுமோ என்று நடுங்குகிறதென்றால், கோளாறு இ-பாஸில் மட்டுமா இருக்கிறது? 2020இலும் 2021இலும் நோய்த்தொற்றால் சீசனே இல்லாமல் போனது, மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. லாட்ஜ்கள் இருண்டு கிடந்தன. காய்கறி லாரிகள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரே தூணில் கூரை போட்டால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டு வருஷமும் காட்டிவிட்டன. இன்னொன்றும் கேட்கிறேன். வந்து சேர்கிற ஒவ்வொரு காரும் ஊருக்கு வருமானமா? கல்லாறு, பர்லியாறு தொடங்கி ஊர்ந்து ஊர்ந்து ஏறி, பார்க்கிங் தேடி இரண்டு மணி நேரம் சுற்றி, மாலையே கோத்தகிரி வழியாக இறங்கிவிடுகிற கார் இங்கே விட்டுப்போவது எவ்வளவு? சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் மலையூரில் கார்களை ஊருக்குள்ளேயே விடுவதில்லை. கீழே டாஷ் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு ரயிலில் ஏறுகிறார்கள். அந்த ஊர் சுற்றுலாவால் கெட்டுவிடவில்லையே! நம்மிடமும் மேட்டுப்பாளையம் இருக்கிறது, அரசுப் பேருந்து இருக்கிறது. பேருந்துக்கு இ-பாஸ் வேண்டியதில்லை. உள்ளூர் டாக்ஸிக்கும் டிரைவருக்கும் கூடுதல் சவாரி கிடைக்கிற வழி அதுதான்.

இரண்டாவது மறுப்பு: வருஷம் முழுவதையும் சீசனாக்கிவிட்டால் ஜூலைப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? கேட்க இனிப்பாக இருக்கிறது. மழையைப் பார்க்க, பனியைப் பார்க்கச் சிறு அளவில் ஆட்கள் வருவது நல்லதே, கூட்டம் பரவட்டும். ஆனால் மே மாதக் கூட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்க நினைத்தால் மலை தாங்காது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்த மாதங்களில் சாலையை நிரப்பச் சொல்லவா போகிறோம்? சீகூர்ப் பக்கம் யானை வழித்தடத்தில் எழுந்த ரிசார்ட்டுகள் என்ன ஆயின என்பதையும் 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பார்த்தோம். ஜூலைக்குத் தேவை பயணி இல்லை, வேலை.

மூன்றாவது மறுப்பை யாரும் மேடையில் சொல்வதில்லை, மனசுக்குள் சொல்கிறார்கள். பிழைக்க முடியாதவர்கள் கோயம்புத்தூருக்கு இறங்கிப் போகட்டுமே, உலகெங்கும் அப்படித்தானே என்று. போகட்டும். உறைபனியில் மிலார் கவிழ்ப்பது யார்? தேயிலையை மட்டம் தட்டிவைப்பது யார்? மரம் விழுந்த இரவில் எந்த வளைவில் எந்த ஓடை பெருகும் என்று தெரிந்து வண்டி ஓட்டுவது யார்? ஆள் கிடைப்பார்கள், எங்கிருந்தோ வருவார்கள், உண்மைதான். வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்த மலையில் இடம் உண்டு. ஆனால் அவர்களுக்கும் ஜூலை வரும். அப்போது அவர்களும் இறங்கிப் போவார்கள்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். சீசன் தொழிலாளிக்கு வேலைச் சீட்டு எழுத்தில் வேண்டும், அடுத்த சீசனில் அவரையே முதலில் கூப்பிட வேண்டும் என்ற உறுதி அதில் வேண்டும். லாட்ஜ் அனுமதி கேட்கிறவர் எத்தனை அறை என்று காட்டுவதோடு, வேலையாள் எங்கே படுப்பார் என்பதையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். இலைக்கு விலை வேண்டும். இப்படிச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று கண்ணெதிரே இருக்கிறது. 2022இல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அது பயணிக்காக வந்ததில்லை, பிரசவத்துக்கு மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்காக வந்தது. மாணவரும் டாக்டரும் நர்ஸும் ஜூலையிலும் இங்கே இருப்பார்கள், ஜூலையிலும் காய் வாங்குவார்கள். உதகையின் நடுவில் குதிரைப் பந்தயம் நடந்த ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 2024இல் அரசு மீட்டது, அங்கே சுற்றுச்சூழல் பூங்கா என்கிறார்கள். பூங்கா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நகரின் நடுவில் கிடைத்த அவ்வளவு பெரிய பொது நிலத்தில், மழையில் நனைகிற உள்ளூர்க்காரருக்கு என்ன பங்கு என்று கேட்கிறேன்.

மலை எத்தனை வாகனம் தாங்கும் என்று கணக்கெடுக்கும் பணியில் சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் நீதிமன்றம் ஈடுபடுத்தியது. நல்ல காரியம். அப்படிக் கணக்கெடுக்க வருகிறவர்கள் ஜூலையிலும் ஒருமுறை வரட்டும். மாலை ஏழு மணிக்குச் சேரிங் கிராஸில் குடை பிடித்து நிற்கட்டும். எத்தனை கடையில் விளக்கு எரிகிறது, எத்தனை டாக்ஸி தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது என்று எண்ணட்டும். பிறகு விடியுமுன்னே கேத்தி பாலாடாவுக்குப் போகட்டும். அங்கே மெஷினில் கேரட் கழுவிக்கொண்டிருப்பார்கள். சேற்றோடு உள்ளே போகிற கேரட் சிவந்து வெளியே வரும், மூட்டை கட்டுகிற பெண்களின் கைகள் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி இன்ஜினை உறுமவிட்டு நிற்கும். அந்தக் கைகளையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.